மதில் என்றால் சுவர்தானே

இந்திரஜித் முதன்முதலாகப் படித்த ஆங்கிலம் ஒரு சுவரில் இருந்தது. அதுவும் தலைகீழாக.

அப்புத்தளைக்குக் கீழே சாம்பல்மலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஒரு பழைய லயத்தில், நடுவில் இருந்த காம்பரா அறையில் அவன் பிறந்தான். மழைக்காலம் வந்தால் அந்த லயத்தின் கல்லுச் சுவர் காய்ச்சல்காரன் உடம்பு போல வியர்த்துக் கொட்டும். ஈரம் பிள்ளையின் மேல் இறங்காமலிருக்க, அவன் அப்பா ஃபாக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து உள்சுவர் முழுக்க ஆணி அடித்தார். பலகைகளில் தூளின் தரம் 'BOP' என்று ஆங்கிலத்தில் கறுப்பு மையில் குத்தியிருக்கும். அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பலகை எப்படிப் பொருந்தியதோ அப்படி அடித்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "ஏ, பி, சி" என்று ஆரம்பித்த அன்று இந்திரஜித் எழுந்து நின்று, "இல்லங்க சார். பி, ஓ, பி" என்றான். அதுவும் போதாதென்று, கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக்கொள்வான். பிள்ளைக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்று வாத்தியார் எண்ணெய் தேய்க்கச் சொல்லி அனுப்பினார்.

அந்தக் கழுத்து நிமிர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், தமிழில் சிறப்புப் பட்டத்தோடு திரும்பியது. சாம்பல்மலையில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. மாரியம்மன் கோயிலடியிலிருந்து தப்படித்து அழைத்துப் போனார்கள். அன்றோடு தோட்டத்தில் அவன் பெயர் போய்ப் பட்டம் நின்றுவிட்டது. "பியே வாறாரு." "பியேவுக்கு டீ ஊத்து." "என்ன பியே, இன்னைக்கும் பஸ்ஸ விட்டுட்டீங்களா?" அப்படிக் கூப்பிடுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவன் எல்லாரிடமும் சொல்லுவான். சொல்லும்போது முகம் பூத்துப்போயிருக்கும்.

பண்டாரவளையில் ஒரு பாடசாலையில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. சில வருடங்களில், அப்பா காலமான பிறகு, லயத்துக்கு மேலே மரக்கறித் தோட்டமாக இருந்த சரிவில் அவர்கள் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவில் சின்னதாக ஒரு காணியும் கிடைத்தது. சீமெந்துக் கல்லில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எழும்பின. கூரைத் தகடு வருவதற்கு முன்பே பெயர்ப்பலகை வந்துவிட்டது. 'இரா. இந்திரஜித், பி.ஏ. (சிறப்பு)'. மாட்டும் உயரத்துக்குச் சுவர் இன்னும் வளராததால் அது கொஞ்ச நாள் அம்மா பூவம்மாவின் விறகுக்கட்டின் மேல் சாய்ந்திருந்தது.

இதற்கிடையில்தான் நிவேதிகா. அதே பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். அவளுடைய அப்பா இரகுநாதன் தெமோதரை ஸ்டேஷனில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பண்டாரவளையிலேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்தவர். இருவர் மனசும் ஒன்றான பிறகு நிவேதிகா வீட்டில் சொல்லிவிட்டாள். இரகுநாதன் இரண்டு நாள் யோசித்து, "பொடியன் படிச்சவன்" என்று இறங்கிவந்தார். அம்மா ஜெயமலர் மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நிவேதிகா கிட்ட வந்தாள்.

"இஞ்ச பாருங்கோ. அம்மா வாற மாசம் உங்கடை வீட்டைப் பாக்க வரப்போறா. வீடு சின்னனெண்டாலும் பரவாயில்லையாம். மதில் மட்டும் வடிவா இருக்கவேணுமாம். அதைப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம்."

"மதில்தானே? அதுக்கென்ன" என்றான் இந்திரஜித், ஒரு சிறப்புப் பட்டதாரிக்குரிய கம்பீரத்தோடு.

உண்மையில் அவனுக்குள் ஒரு சின்ன முள் குத்தியது. சாம்பல்மலையில் சுவருக்குச் சொவரு என்று பெயர். வீட்டுக்கு மதில் என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டைச் சுற்றி எதையும் கட்டி மறைக்க லயத்துக்காரர்களிடம் சொந்த நிலம் இருந்ததில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கும் அங்கே வேலை இருந்ததில்லை. நிவேதிகாவிடமே கேட்டிருக்கலாம். ஆனால் தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை என்று தமிழ் வாத்தியார் கணக்கு டீச்சரிடம் கேட்பதா? தோட்டத்தின் மானம் என்ன ஆவது?

அன்று மாலை அகராதியைப் புரட்டினான். மதில் என்ற சொல்லுக்கு நேரே முதல் பொருளாகச் 'சுவர்' என்றிருந்தது. அதற்கடுத்து அரண், கோட்டையைச் சூழ்ந்த கட்டு என்றெல்லாம் ஏதேதோ. ஏழு பேர்ச்சில் கோட்டை எங்கே வந்தது என்று சிரித்துக்கொண்டே அகராதியை மூடினான். யாழ்ப்பாணத்தார் செந்தமிழ் பேசுகிறவர்கள், சுவரை மதில் என்கிறார்கள், அவ்வளவுதான். தான் இத்தனை இலேசாகக் கண்டுபிடித்துவிட்டதில் அவனுக்கே தன்மேல் மதிப்பு வந்தது.

அம்மாவிடம் சொன்னான். "பொண்ணு வீட்டுல மதிலு வடிவா இருக்கணும்னு கேக்குறாங்கம்மா."

பூவம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினார். "மதிலா? அது கோயிலுக்குத்தானடா இருக்கும்?"

"அது கோயில் மதிலும்மா. இது வீட்டு மதிலு" என்று அவன் இரக்கத்தோடு விளக்கினான்.

வீட்டின் முன்சுவர் பூசாத சீமெந்துக் கல்லாக, சாம்பல் நிறத்தில் மூளியாக நின்றது. அதற்கு என்ன ஒட்டுவது என்பதே அந்த மாதம் முழுக்க அவனுக்குச் சோறும் தூக்கமும். மேசன் ஜெயராசாவைக் கூப்பிட்டான். அதே லயத்து மனிதர், வீட்டைக் கட்டியவரும் அவர்தான்.

"என்னா தம்பி பியே, சொவத்துக்குச் சட்ட போடணுங்கிறீங்க? சிமெந்து பூசி சுண்ணாம்பு அடிச்சா பத்தாதா?"

"அத எல்லாருந்தான் செய்றாங்க. எனக்கு வடிவா இருக்கணும்ணே."

"வடிவாவா?" ஜெயராசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பாரேன், பொண்ணு வர முன்ன பாஷ வந்துருச்சு!"

முதலில் பைன் பலகை என்றான். பண்டாரவளையில் ஒரு விடுதியின் முகப்பில் பார்த்திருந்தான். ஜெயராசா மலை உச்சியைக் காட்டினார். "அங்கேருந்து மூடுபனி எறங்கி வந்து ஒங்க பலகையிலதான் படுத்துத் தூங்கும். ஒரே மாசம். அம்மாவுக்குக் காளான் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்ல."

அடுத்தது செங்கல் படம் போட்ட பிளாஸ்டிக் தாள். பசை தடவி இருவருமாக ஒட்டினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் சீமைச் செங்கல் மாளிகை. இரண்டு நாள் மூடுபனியில் பசை இளகி, தாள் மேலிருந்து மெல்லக் குனிந்து, அந்தப் பக்கமாகப் போன கங்காணியின் காலில் விழுந்து கும்பிட்டது.

பிறகு பண்டாரவளையில் ஒரு டைல் கடைக்குப் போனான். கடைக்காரரின் மகள் நளீரா எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளையில் சின்னச் சின்ன நீலப் பூ போட்ட டைல் ஒன்று அவன் கண்ணைப் பறித்தது. வீட்டு முகப்பில் அதை நினைத்துப் பார்த்தான். மூடுபனியிலும் பளபளக்கும்.

"வெளிச் சொவருக்கா கேக்கிறீங்க சேர்?" என்றாள் நளீரா. "இது பாத்ரூம் டைல். இத முன்னுக்கு ஒட்டினா வார மனிசர் வாசல்லயே வாளி தேடுவாங்க."

"சேச்சே, பாத்ரூமுக்குத்தான்" என்றான் இந்திரஜித் உடனே. அவன் வீட்டில் அப்போது குளியலறை என்பது நாலு தகரமும் ஒரு வானமும். இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அரைப் பெட்டி டைல் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ரொட்டி தட்டுவதற்கு இதைவிட வழவழப்பான பொருளைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்று பூவம்மா மகிழ்ந்துபோனார்.

கடைசியில் மனசு போய் நின்ற இடம் துரை பங்களா. சின்ன வயசில் அப்பாவோடு ஒருமுறை அந்த வாசல் வரை போயிருக்கிறான். முன்சுவர் முழுக்கக் கறுப்புக் கல், ஓரங்கள் ஒழுங்கில்லாமல், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி உறவாடி நிற்கும். படித்து முடித்தவன் கடைசியில் துரை சுவருக்குத்தான் ஆசைப்பட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, "மலைநாட்டுக்கு இயற்கையான கல்தான் பொருத்தம்" என்று ஒரு கொள்கை தயாரித்து வைத்துக்கொண்டான்.

மெல்லிசாகப் பிளந்த கல் தெமோதரைப் பக்கமிருந்து லொறியில் வந்து ரோட்டோரம் இறங்கியது. அங்கிருந்து மேலே ஏற்றுவதற்கு லயமே திரண்டது. "என்னா பியே, கோட்ட கட்டுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தலையில் சுமந்தார்கள். அகராதியில் பார்த்த சொல் ஊரார் வாயிலும் வருகிறதே என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

ஜெயராசா ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்து, தட்டி, சாந்து வைத்து ஒட்டினார். பெயர்ப்பலகைக்கு மட்டும் நடுவில் ஒரு சதுரம் விட்டார்கள். வேலை முடிந்ததும் பூவம்மா வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா, நம்ம லயத்துச் சொவரு மாரியே இருக்கே!"

"அம்மா, அது கூரையத் தாங்குற கல்லு. இது அழகுக்கு ஒட்டுனது. உள்ள சிமெந்துக் கல்லுதான் இருக்கு."

"அப்ப இது கல்லு மாரி வேஷம் கட்டுன கல்லா?"

ஜெயராசா இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். லயத்துச் சுவரிலிருந்து தப்பிக்க இருபது வருடம் படித்தவன், அதே சுவரை லொறி பிடித்து வரவழைத்துத் தன் வீட்டில் ஒட்டியிருக்கிறான் என்பது இந்திரஜித்துக்கும் ஒரு கணம் உறைத்தது. ஆனால் ஜெயமலர் அம்மா லயத்தைப் பார்த்தவரல்லவே. கல் வடிவாகத்தான் இருந்தது.

வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் ரோட்டில் நின்றது. முன்னால் இரகுநாதன், குடையை ஊன்றிக்கொண்டு ஜெயமலர், பின்னால் நிவேதிகா. மண்படியில் அவர்கள் ஏறி வருவதற்குள் லயத்து ஆண் பெண் எல்லாம் வேலைவெட்டியை விட்டு வீட்டைச் சுற்றி வளைத்து நின்றுவிட்டார்கள். அவரைப் பந்தலுக்குள்ளும் ஆள், முட்டைக்கோவாப் பாத்தியிலும் ஆள். யாருடையதோ ஓர் ஆடும் வந்திருந்தது.

"வாங்க வாங்க. ஏறி வந்தது மூச்சு வாங்குதுங்களா?" என்று பூவம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயமலர் வாசலில் நின்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். முன்சுவரை மட்டும் ஏனோ பார்க்கவில்லை.

"தம்பி, மதில் எங்கை?"

இந்தக் கேள்விக்கு இந்திரஜித் ஒரு மாதமாகத் தயாராக இருந்தான். திரை விலகுவதுபோல் பக்கவாட்டில் நகர்ந்து கையை நீட்டினான். "இதோங்கம்மா."

ஜெயமலர் சுவரைப் பார்த்தார். அவன் கையைப் பார்த்தார். "இது சுவரெல்லோ?"

"ஆமாங்க. மதில்."

"சுவர்."

"அதாங்க... மதில்."

சந்தையில் விலை படியாத இருவர் போல நின்றார்கள். நிவேதிகாவுக்கு முதலில் விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

"ஐயோ, அம்மா கேட்டது வீட்டைச் சுத்திக் கட்டிற மதிலையெல்லோ! வளவுக்கு! நீங்கள் சுவருக்குப்போய்..." மீதி சிரிப்பில் போயிற்று.

இரகுநாதன் நிதானமானவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்ப்பலகைக்குக் கிட்டப் போனார். ஸ்டேஷன் பெயரை வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். "இரா. இந்திரஜித். பி.ஏ. சிறப்பு." பிறகு திரும்பிக் கேட்டார். "என்ன பாடத்திலை தம்பி?"

இந்திரஜித் தரையைப் பார்த்துச் சொன்னான். "தமிழ்ங்க."

அவரைப் பந்தலிலிருந்து யாரோ சத்தமாகக் கேட்டார்கள். "என்னா பியே, கேள்வி கஷ்டமா?"

சிரிப்பு மலையில் முட்டித் திரும்பி வந்தது. இந்திரஜித் சின்ன வயசில் செய்ததுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். பட்டம் போனால் போகட்டும், கல்யாணம் போய்விடுமே என்பதுதான் இப்போது பயம். ஜெயமலர் அம்மாவின் முகத்தில் மட்டும் சிரிப்பின் சாயல் இல்லை.

உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கி, சற்று நேரத்தில் வாசலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஜெயமலர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆடம்பரத்துக்குக் கேக்கேல்லைத் தம்பி" என்றார் கடைசியில். "போன வருசம் சண்டை ஓய்ஞ்சு யாழ்ப்பாணப் பாதை திறந்த உடனை ஊருக்குப் போனனாங்கள். நான் பிறந்து வளந்த வீடு. கூரை இல்லை. கதவு, யன்னல், நிலை ஒண்டுமில்லை. உள்ளுக்கு மரம் முளைச்சுக் கிடக்கு. மதில் மட்டும் நிண்டது. அது நிண்டபடியாத்தான் எங்கடை வளவு எது, பற்றை எது எண்டு கண்டுபிடிச்சனான். வீடு போனாலும் மதில் சொல்லும், இது இன்னாற்றை காணி எண்டு. அதுதான் கேட்டனான்."

பூவம்மா ஜெயமலருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

லயத்தில் பிறந்தவனுக்குச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். சுவரைத் தாண்டித் தனக்கென்று நிலம் ஒன்று இருக்கும், அது எங்கோ ஓரிடத்தில் முடியும் என்று இந்திரஜித் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவனுடைய ஏழு பேர்ச் எங்கே முடிகிறது என்று இப்போது கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அளந்தவர்கள் நட்டுவிட்டுப் போன எல்லை முளைகளில் இரண்டைப் பூவம்மா பிடுங்கி அவரைக்கொடிக்கு ஊன்றியிருந்தார்.

"தப்பு எம்மேலதாங்கம்மா" என்றான். "அகராதியில ஒரு வரிக்கு மேல படிக்கல. மதிலக் கட்டிர்றேன்."

"எதாலை கட்டுவியள்? எல்லாத்தையும் சுவரிலை ஒட்டியாச்சே."

"அதத்தான் பேத்து எடுக்கணும்."

வெளியே மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் கதறியது. "தம்பி! ஒட்டுனதும் நானு, பேக்குறதும் நானா?"

ஜெயமலர் திடுக்கிட்டு டீயைச் சிந்திவிட்டார். "ஆரது?"

"ஜெயராசா அண்ணங்க. கட்டுன மேசன்" என்றான் இந்திரஜித்.

"இவ்வளவு நேரமும் வாசல்லையோ நிக்கிறார்?"

"எல்லாருந்தாங்க நிக்கிறாங்க" என்றார் பூவம்மா, அதில் என்ன அதிசயம் என்பதுபோல.

அதை மெய்ப்பிப்பதுபோல் வெள்ளைக்குள் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் விசாரித்தது. "பூவக்கா, பொண்ணுக்கு டீ குடுத்தாச்சா? சீனி போட்டீங்களா?"

அப்போதுதான் ஜெயமலர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியளே? இதுக்குத்தான் மதில் வேணுமெண்டு சொல்லுறது." பிறகு கணவரின் பக்கம் திரும்பி, "மதில் எழும்பட்டும். அதுக்குப் பிறகு நாள் பாப்பம்" என்றார்.

அவரைப் பந்தலில் கைதட்டினார்கள்.

பேர்த்தபோது கல்லில் பாதி உடைந்தது. தேறிய பாதியை வைத்து, முன்பக்கத்துக்கு மட்டும் ஜெயராசா மதில் எழுப்பினார். அது முழங்கால் வரை வந்து, கல் தீர்ந்து, நின்றுவிட்டது. வீட்டுச் சுவரோ ஒட்டிய சாந்தின் தழும்போடு முன்னைவிட அவலமாக நின்றது. சட்டையைக் கழற்றிக் கோவணம் கட்டிய கதை என்று ஜெயராசா போகிற வருகிற எல்லாருக்கும் சொன்னார். பெயர்ப்பலகையை இந்திரஜித் மதிலுக்கு மாற்றினான். முழங்கால் உயரத்தில் அதைப் படிக்க வேண்டுமானால் ஆடாகப் பிறந்திருக்க வேண்டும். இருந்தும் அதைக் கழற்ற மனம் வரவில்லை. மதிலை அளந்து பார்த்த இரகுநாதன், "மதில்தான். கொஞ்சம் வளரவேணும்" என்று சான்றிதழ் கொடுத்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்து முதன்முறை மகளைப் பார்க்க வந்தபோது ஜெயமலர், தாண்டி வரக்கூடிய மதிலைத் தாண்டாமல், படலைக்கென்று விட்ட இடைவெளியால் சுற்றித்தான் முறையாக உள்ளே வந்தார். பின்னால் வந்த ஆடு தாண்டியே வந்தது. மதிலின் மேல் பூவம்மாவின் பழைய கம்பளி, நிவேதிகாவின் சேலை, மாப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"சம்மந்தி, மதிலிலை உடுப்புக் காயப்போடுறேல்லை."

"அப்புடிங்களா?" பூவம்மா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "பின்ன எதுக்குங்க மதிலு?"

இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் இந்திரஜித்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன், அகராதியைப் பார்த்துச் சொல்வதாக உள்ளே போனான். இந்தமுறை எல்லாப் பொருளையும் கடைசி வரை படித்தான். அவன் வெளியே வந்தபோது கம்பளி காய்ந்திருந்தது. பூவம்மா அதை உதறி மடிக்க, மறுமுனையை ஜெயமலர் பிடித்துக்கொண்டிருந்தார்.